சேற்றில் நிற்கும் படகு

ஆசிரியருக்கு,

பாய்மரப் படகு பணக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் என்று உங்கள் இதழின் சென்ற வார லண்டன் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் மரீனாக்களின், அதாவது எல்லா வசதியும் உள்ள படகுத்துறைகளின், கட்டணத்தை மட்டும் பார்த்திருக்கிறார். மின்சாரம், குளியலறை, மிதக்கும் நடைமேடை எல்லாம் உள்ள அங்கே படகின் நீளத்தை மீட்டர் கணக்கில் அளந்துதான் பணம் வாங்குவார்கள். ஆனால் இங்கிலாந்தின் மெட்வே, கிரவுச், பிளாக்வாட்டர் போன்ற ஆறுகளில் வேறு வழியும் உண்டு. ஆற்றடியில் ஒரு எடை, அதிலிருந்து சங்கிலி, மேலே படகைக் கட்ட ஒரு மிதவை, அவ்வளவுதான். கடல் ஓதம் (ஏற்றவற்றம்) இறங்கி நீர் வற்றினால் படகு சேற்றில் உட்காரும் இடமென்றால் இன்னும் மலிவு.

மெட்வேயில் அப்படி ஓரிடத்தில் 22 அடிப் பழைய படகு ஒன்றை வைத்திருக்கிறேன். அங்கே பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் சுமார் 5 மீட்டர் ஏறி இறங்கும். அடிப்பக்கம் இருபுறமும் துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் இரட்டைக் கீல் (keel) என்பதால், வற்றும்போது படகு சாயாமல் நிமிர்ந்து நிற்கிறது. சரி, சிரமமும் உண்டு. நீர் ஏறியிருக்கும் சில மணி நேரத்தில்தான் கிளம்ப முடியும். துடுப்புப் படகில் போய்த்தான் ஏற வேண்டும், மழையில் அது தனித் தண்டனை. ஆனால் பக்கத்து மரீனா கேட்டதில் கால்வாசிகூட நான் கட்டுவதில்லை. இந்த இடம் இணையத்தில் கிடைக்கவில்லை. ஒரு படகுக் கழகத்தின் அறிவிப்புப் பலகையில் கண்டேன். துறைமுக நிர்வாகங்களும் ஆற்றோரக் கவுன்சில்களும் காலி மிதவைகளையும் கட்டணத்தையும் ஆண்டுதோறும் குளிர்காலத்திலேயே வெளியிடலாமே.

ஒரு வாசகர், ஜில்லிங்கம், கென்ட்