எழுவர் றக்பி: ஒரே பருவத்தில் இரு வெற்றியாளர்

ஆசிரியர் அவர்களுக்கு,

2023-24 ஆண்கள் அணிக்கு எழுவர் உலக றக்பித் தொடர்ப் பருவத்தின் சம்பியன் ஆர்ஜென்டீனாவா, பிரான்ஸா என்ற குழப்பம் வேண்டாம். டுபாய் முதல் சிங்கப்பூர் வரை ஏழு சுற்றுகளின் புள்ளிகளைக் கூட்டினால் முதலிடம் ஆர்ஜென்டீனாவுக்கு. பிறகு முதல் எட்டு அணிகள் பட்டத்துக்காக மட்ரிட்டில் மோதின. அங்கே வென்றது பிரான்ஸ். இரண்டையும் தனித்தனியே அச்சிடுங்கள்.

விதிகளையும் சேர்த்துப் போட்டால் எங்கள் மாவட்டப் பிள்ளைகளுக்கு உதவும். புள்ளி எடுத்த அணியே மீண்டும் பந்தை உதைத்துத் தொடங்கும். பதினைவர் ஆட்டத்தில் இது நேர்மாறு. அந்த உதையில் பந்து பத்து மீற்றர் கோட்டைத் தொடாவிட்டால் நடுக்கோட்டில் எதிரணிக்கு ஃப்ரீ கிக். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மஞ்சள் அட்டைக்கு இரண்டு நிமிடம் வெளியே. பாதி ஆட்டமே ஏழு நிமிடம் என்பதால் அது பேரிழப்பு.

விளையாட்டு ஆர்வலர்கள்,
கல்லடி, மட்டக்களப்பு.