ஒரு வரி நிரலும் எழுதாத ஐயாவுக்கும் உடன் நின்ற அனைவருக்கும் நன்றி

நமது கட்டற்ற தமிழ்ச் சொற்பிழை திருத்தித் திட்டத்தின் தன்னார்வலர்களுக்கும், அதைத் தங்கள் கணினிகளில் நிறுவிப் பயன்படுத்திவரும் அன்பர்களுக்கும் வணக்கம்.

நேற்றிரவு முதல் நமது சர்வர் மீண்டும் இயங்குகிறது. இடையில் சர்வர் போய், அதிலிருந்தவற்றை நாம் இழந்து நின்றதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவற்றை மறுபடி விவரிக்க எனக்குத் தெம்பும் இல்லை, தேவையும் இல்லை. சொல்ல வேண்டிய நன்றியைத் தள்ளிப்போடாமல் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இம்மடல்.

மூலநிரலைக் குறித்து நம்மில் யாரும் பெரிதாக அஞ்சவில்லை. லினக்ஸ் இயங்குதளக் கருவின் நிரலைப் பராமரிப்பதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் மென்பொருள்), எடுக்கப்படும் ஒவ்வொரு நகலிலும் திட்டத்தின் முழு வரலாற்றையும் வைத்திருப்பது. ஆகவே யாழ்ப்பாணத்தில் ஒரு நண்பரிடமும் வியாசர்பாடியில் ஒரு கல்லூரி மாணவியிடமும் இருந்த நகல்களைக் கொண்டே சொற்பட்டியலையும் விகுதி விதிகளையும் ஒன்றுவிடாமல் மீட்டுவிட்டோம். போனவை, பயன்படுத்துவோர் பிழைகளைச் சுட்டி எழுதும் வழுப்பதிவுகளும், அவற்றின் கீழ் ஆண்டுக்கணக்கில் நடந்த விவாதங்களும்தாம். அவை கிட்டுக்குள் இருப்பவை அல்ல. சர்வரின் தரவுத்தளத்தில் இருந்தவை. ஹன்ஸ்பெல் என்னும் சொற்பிழை திருத்தி மென்பொருளுக்காக நாம் எழுதிய விதிக்கோப்பைத் திறந்தால், எந்தச் சொல்லோடு எந்த விகுதி சேரும் என்பது தெரியுமே தவிர, அதை ஏன் சேர்த்தோம், யார் மறுத்தார், எந்த இலக்கணக் காரணத்தால் முடிவுக்கு வந்தோம் என்பது தெரியாது. 'சுவற்றில்' என்பதைப் பிழையென்று காட்டி 'சுவரில்' என்று பரிந்துரைப்பதா, வழக்கில் ஊன்றிவிட்டதென்று விட்டுவிடுவதா என்ற ஒரே கேள்விக்காக எத்தனை பேர் எத்தனை இரவு எழுதினார்கள் என்பதை அதில் கலந்துகொண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். (அவர்களில் இருவர் இன்னும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை.) அந்தப் பதிவுகள் இல்லாவிட்டால், புதிதாக வரும் ஒவ்வொருவரோடும் அதே வழக்கை முதலிலிருந்து நடத்த வேண்டியிருக்கும்.

அவற்றை மீட்டுக் கொடுத்தவர், ஜார்ஜ் டவுன் அச்சகங்களில் பிழை திருத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். தம் பெயரை எங்கும் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் ஐயா என்றே குறிப்பிடுகிறேன். சரியான சொல்லுக்குக் கீழே சிவப்புக்கோடு விழுந்தால் உடனே அதைச் சுட்டிக்காட்டிப் பதிவு எழுதுபவராகத்தான் அவரை நாம் அறிவோம். சர்வர் போன செய்தி பரவியபின் ஒரு காலைப்பொழுதில், முன்னறிவிப்பு ஏதுமின்றி, காலடிப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் வந்து தண்டையார்பேட்டையில் இறங்கி, நாம் கூடும் மாடி அறைக்குப் படியேறி வந்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார். திட்டத்திலிருந்து அவருக்குச் சென்ற அறிவிப்பு மின்னஞ்சல்கள், தொடக்கத்திலிருந்து வந்தவை, தண்டர்பேர்டு என்னும் மின்னஞ்சல் மென்பொருளில் ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டு அதில் இருந்தன. ஒவ்வொரு வழுப்பதிவும் ஒவ்வொரு மறுமொழியும் மின்னஞ்சலாகவும் போகும் என்பதை நாம் அறிந்திருந்தாலும், அவற்றை நம்மில் பலர் வந்த கையோடு அழித்துவிடுவதே வழக்கம்.

எப்படி இத்தனையும் வைத்திருந்தீர்கள் என்று கேட்டதற்கு, "வந்த கடுதாசியை எதுக்கு தம்பி கிழிச்சுப் போடணும்? பிரஸ்ஸுல மூலப்படிய அச்சேறி முடியற வரைக்கும் பத்திரமா வெச்சிருக்கணும். உங்க புஸ்தகம்தான் இன்னும் அச்சேறவே இல்லையே" என்றார்.

பென் டிரைவைவிட என்னை அதிகம் அசைத்தது, அதனுடன் அவர் கொடுத்த கோடு போட்ட நோட்டின் இரண்டு தாள்கள். தம்மிடம் எந்தெந்த எண்ணுள்ள பதிவுகள் இல்லை என்பதைப் பென்சிலால் வரிசையாக எழுதி, அஞ்சல்பெட்டி நிரம்பியிருந்த காலம், உடல்நலமின்றி மருத்துவமனையில் இருந்த காலம் என்று காரணத்தையும் பக்கத்தில் குறித்திருந்தார். இருப்பதைக் கொடுக்க மனம் வருபவர்கள் உண்டு. இல்லாததைத் தேடிக் கணக்கெடுத்துக் கொடுக்க அச்சகப் பழக்கம் இருந்தால்தான் முடியும் போலும். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டே விடுபட்ட பதிவுகளை மற்றவர்களின் அஞ்சல்பெட்டிகளில் தேடினோம், பெரும்பாலானவை கிடைத்துவிட்டன.

அஞ்சல்கள் கைக்கு வந்தபின் நடந்தது பொறுமையான வேலை மட்டுமே. தமிழ் எழுத்துகள், ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக மாற்றி அனுப்பும் பேஸ்64 குறியாக்கத்தில் இருந்தமையால் அவற்றைப் பிரித்தெடுக்கவும், எந்த அஞ்சல் எதற்கு மறுமொழி என்பதைத் தலைப்பகுதியிலுள்ள அடையாளங்களைக் கொண்டு கோக்கவும் வியாசர்பாடி மாணவியும் அவருடைய தோழியரும் பைத்தானில் நிரல் எழுதினார்கள். டியூஷன் வகுப்புகள் முடிந்தபின் தம் மாடி அறையை வாடகையின்றி இரவு முழுவதும் திறந்துவிட்ட ஆசிரியர், டொமைன் பெயரைக் காலாவதியாகாமல் தம் பணத்தில் புதுப்பித்தவர், புதிய சர்வருக்குச் சந்தா கட்டிய சிங்கப்பூர் நண்பர்கள், நள்ளிரவுக்குப் பிறகும் கடன் கணக்கில் தேநீர் அனுப்பிய கீழ்க்கடை அண்ணன், எதுவும் செய்ய இயலாவிட்டாலும் நாள்தோறும் விசாரித்தவர்கள் ஆகிய எல்லோருக்கும் என் நன்றி.

கிட்டின் பங்களிப்பாளர் பட்டியலில் ஐயாவின் பெயர் இல்லை. நிரலில் மாற்றம் செய்தவர்களை மட்டுமே அது எண்ணும். ஐயா ஒரு மாற்றமும் செய்ததில்லை. தன்னார்வத் திட்டங்களில் யாருக்கு மதிப்பு என்பதை இப்படிப்பட்ட எண்ணிக்கையே தீர்மானித்துவிடுவது எனக்கு நெடுநாளாகவே உறுத்தல். பெயர் வேண்டாம் என்ற அவர் விருப்பத்தை மதித்து, பங்களிப்பாளர் கோப்பின் முதல் வரியில் 'மூலப்படி காத்தவர்' என்று மட்டும் சேர்த்திருக்கிறோம். அதற்கு இசைந்தார், 'காத்தவர்' என்பதற்குப் பின் முற்றுப்புள்ளி இல்லையென்று உடனே ஒரு வழுப்பதிவும் எழுதினார்.

நிரல்களை வைத்துப் பகிரும் தளங்களான கிட்டோரியஸ் 2015-இலும் கூகுள் கோட் 2016-இலும் மூடப்பட்டபோது உலகெங்கும் எத்தனையோ திட்டங்கள் மூட்டைமுடிச்சோடு இடம் மாற நேர்ந்தது. எந்த இடமும் நமக்கு நிரந்தரம் அன்று. ஆகவே, இனி மாதந்தோறும் வழுப்பதிவுகள் முழுவதையும் வெற்று உரைக்கோப்புகளாக்கி, நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் சேர்ப்பதாக உறுதி கூறுகிறேன். நிரலை நகலெடுப்பவர் எவரிடமும் விவாதங்களும் சேர்ந்தே இருக்கும். முதல் தொகுப்பு தயாராகிவிட்டது. வரும் ஞாயிறு மாலை தண்டையார்பேட்டை அறைக்கு வருவோர் பென் டிரைவ் கொண்டு வந்தால், அப்போதே ஒரு படி எடுத்துச் செல்லலாம்.