பெரிய சர்வர் வாங்கும் முன் குவெரியை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாங்காய் வரத்து கூடினால் கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளிப் பக்கத்து மண்டிகளில் எடைச்சீட்டு குவியும். கணினியில் அன்றைய சீட்டுப் பட்டியலைத் திறந்தால் திரை சுற்றிக்கொண்டே நிற்கும். உடனே வரும் யோசனை, "சர்வர் பத்தாது, பெருசா வாங்குங்க" என்பதுதான். மண்டிக்காரர்கள் பணத்தை எடுக்கும் முன், மென்பொருள் எழுதியவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டும்: இந்தப் பக்கத்தை ஒருமுறை திறக்க டேட்டாபேஸுக்கு (தரவு சேமித்து வைக்கும் இடத்துக்கு) எத்தனை குவெரி, அதாவது தரவு கேட்கும் கேள்வி, போகிறது?

ஜாங்கோ, லாராவெல், ஹைபர்னேட் போன்ற மென்பொருள் எழுதும் கருவிகளில் குவெரியை நாம் கையால் எழுதுவது குறைவு. நிரலுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே நிற்கும் ஓஆர்எம் என்ற பகுதி தானே எழுதிக்கொள்ளும். தொல்லை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. 200 சீட்டை எடுக்க ஒரு குவெரி போதும். ஆனால் லூப்புக்குள், அதாவது சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும்போது, ஒவ்வொரு சீட்டிலும் விவசாயி பெயரைத் தொட்டால், சீட்டுக்கு ஒன்றாக இன்னும் 200. அவருடைய ஊரையும் காட்டினால் மேலும் 200. ஆக 401. டேட்டாபேஸ் வெளியூரில் இருந்து, ஒரு குவெரி போய்வர 25 மில்லிசெகண்ட் ஆகிறதென்றால், காத்திருப்பு மட்டுமே 10 விநாடி. சர்வரை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தப் போக்குவரத்து நேரம் குறையாது. எழுதியவர் 5 சீட்டை வைத்துச் சோதித்திருப்பார். அப்போது போனது 11 குவெரிதான் என்பதால் அவர் கண்ணில் இது பட்டிருக்காது.

ஜாங்கோவில் ஒரே விவசாயி மூன்று லோடு கொண்டுவந்தால் அவர் பெயரை மூன்று முறை போய்க் கேட்கும். ஹைபர்னேட்டும் எஸ்க்யூஎல்-அல்கெமி என்ற இன்னொரு ஓஆர்எம்மும் ஒரே செஷனுக்குள் (டேட்டாபேஸோடு ஒருமுறை தொடங்கி முடிக்கும் வேலைக்குள்) ஏற்கெனவே எடுத்த விவசாயியை நினைவில் வைத்திருக்கும். எண்ணிக்கை அதனால் சற்றுக் குறையலாம், நோய் ஒன்றுதான்.

மருந்து, உறவின் திசையைப் பொறுத்தது. சீட்டுக்கு ஒரு விவசாயி, விவசாயிக்கு ஓர் ஊர் என்று ஒற்றையை நோக்கிப் போகும்போது ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட் என்ற கட்டளையைப் போட்டால் ஜாயின் (டேபிள்களை, அதாவது தரவு அட்டவணைகளை, இணைப்பது) மூலம் ஒரே குவெரியில் எல்லாம் வந்துவிடும். ஒரு சீட்டுக்குள் ரகத்துக்கு ஒன்றாகப் பல வரிகள் (பதிவுகள்) என்றால் ப்ரீஃபெட்ச் ரிலேட்டட் என்ற கட்டளை. அது வரிகளைத் தனியாக ஒரே குவெரியில் எடுத்து, அந்தந்தச் சீட்டோடு பொருத்தித் தரும். இதில் பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. முன்கூட்டி எடுத்த வரிகள் மேல் லூப்புக்குள் ஃபில்டர் (வடிகட்டும் நிபந்தனை) போட்டால், எடுத்து வைத்தது வீணாகி மறுபடி சீட்டுக்கொரு குவெரி ஓடும். தோதாபுரி வரிகள் மட்டும் வேண்டுமானால், முன்கூட்டி எடுக்கச் சொல்லும் ப்ரீஃபெட்ச் ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே அந்த நிபந்தனையை வைக்க வேண்டும்.

வேகத்தைவிட எங்களுக்குக் கவலை தருவது கூட்டுத்தொகை. ஒரு சீட்டில் தோதாபுரி, செந்தூரா, அல்போன்சா என 3 வரி. விவசாயிக்கு 5,000 ரூபாய் வீதம் 2 தவணை கொடுத்தாயிற்று. வரி டேபிளையும் தவணை டேபிளையும் ஒரே குவெரியில் ஜாயின் செய்தால் 3 பெருக்கல் 2, ஆறு வரிசை வரும். அதன் மேல் கூட்டினால், கொடுத்த 10,000 ரூபாய் 30,000 ஆகத் தெரியும், எடையும் இரட்டிக்கும். ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் போட்டுச் சரிசெய்யப் பார்த்தால் இரண்டு 5,000-மும் ஒன்றாகி 5,000 மட்டும் நிற்கும். எந்த எர்ரரும் வராது. விவசாயியின் பாக்கிதான் தப்பாகும். எடைக்கு ஒன்று, தவணைக்கு ஒன்று எனத் தனித்தனி சப்குவெரியில் (குவெரிக்குள் வரும் உள்குவெரியில்) கூட்டுவதே சரி.

ஹைபர்னேட்டில் எழுதுவோருக்கு: மெனி-டு-ஒன் உறவு (பல சீட்டுக்கு ஒரு விவசாயி போன்றது) சொல்லாமலே ஈகர் ஆக, அதாவது உடனே தரவை இழுப்பதாக, இருக்கும். அதை லேஸி (தொட்டால் மட்டும் இழுப்பது) ஆக்கிவிட்டு, தேவைப்படும் பக்கத்தில் மட்டும் ஜாயின் ஃபெட்ச் (இணைத்தே எடுக்கும் கட்டளை) போடுங்கள். எல்லாவற்றையும் எப்போதும் முன்கூட்டி இழுப்பதும் தவறுதான். பெயர் மட்டும் காட்டும் பக்கத்துக்கு நிலம், வங்கி விவரமெல்லாம் எதற்கு?

இது மீண்டும் முளைக்காமல் தடுக்க வழி இருக்கிறது. ஜாங்கோ டெஸ்ட்டில், குவெரி எண்ணிக்கையைச் சரிபார்க்கும் அசெர்ட் நம் குவெரீஸ் (assertNumQueries) வைத்து, 2 சீட்டுக்கும் 20 சீட்டுக்கும் குவெரி எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கிறதா என்று பாருங்கள். லேஸியாக இழுப்பதைத் தடுக்க லாராவெலில் ப்ரிவென்ட் லேஸி லோடிங், ரெயில்ஸ் என்ற இன்னொரு கருவியில் 6.1 பதிப்பு முதல் ஸ்ட்ரிக்ட் லோடிங் உண்டு. இவற்றை எழுதும் கணினியில் போட்டு வைத்தால் தவறு அங்கேயே பிடிபடும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி கல்லூரிகளின் கணினித் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். லேப் பயிற்சியில் 5 வரித் தரவோடு நிறுத்தாமல் 5,000 சீட்டை ஏற்றி, ஓடிய குவெரிகள் பதிவாகும் குவெரி லாகைத் திறந்து மாணவர்களையே எண்ணச் சொல்லுங்கள். மண்டிகளும் பால் சங்கங்களும் மென்பொருளைக் கைக்கு வாங்கும் நாளில், ஒரு முழுப் பருவத்தின் தரவை ஏற்றிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

இப்படிக்கு,
மென்பொருள் எழுதுவோர் சிலர்,
கிருஷ்ணகிரி