பற்று மட்டும் எழுதிய பக்கம்

செட்டிநாட்டில் ஆத்தங்குடி தரைக்கல் பட்டறையும் விடுதியும் ஜவுளிக்கடையும் நடத்தும் முதலாளிமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், வணக்கம்.

நாற்பது வருஷம் காரைக்குடியில் கணக்கு எழுதியவன் நான். மரக்கடை, சிமெண்டுக் கடை, பட்டறை, விடுதி என்று பல இடத்துப் பேரேடுகள் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. இப்போது வீட்டில் இருக்கிறேன். யார் கோபித்துக்கொண்டாலும் சம்பளம் போகாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்த பேரன், கல்லூரியில் படிக்கிறவன், சாப்பிடும்போது கேட்டான்: “முதலாளித்துவம்னாலே சுரண்டல்தானாமே தாத்தா? அப்ப நீங்க அதுக்குத்தான் கணக்கு எழுதினீங்களா?” சிரித்து மழுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

அவன் சொன்னது 1867இல் மார்க்ஸ் எழுதிய விஷயம். தொழிலாளி தன் கூலிக்கு ஈடான வேலையை மத்தியானத்துக்குள்ளேயே முடித்துவிடுகிறான், அதற்கு மேல் சாயங்காலம் வரை செய்வது முதலாளிக்குப் போகிறது என்பதுதான் சாரம். இதைப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. பட்டறையில் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும். கண்ணாடியைத் துடைத்து, இரும்புச் சட்டத்தை வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் சாயக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார் ஒருவர். கை நடுங்கினால் பச்சை மஞ்சளுக்குள் ஓடிவிடும். அச்சைத் தூக்கிவிட்டு மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவுகிறார், அதற்கு மேல் ஈரக் கலவையை வைத்துத் தட்டுகிறார். அப்புறம் காய வேண்டும், தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். கண்ணாடியிலிருந்து கல் கழன்று வரும்போது முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். அவருக்குக் கல்லுக்கு இத்தனை என்று கூலி. சென்னையில் அதே கல் என்ன விலைக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. பில் போட்ட எனக்குத் தெரியும்.

உங்கள் பதிலும் எனக்குத் தெரியும். “இடம் என்னுது, சரக்கு என்னுது, கடன் என்னுது. விற்காமல் கிடந்தால் நஷ்டம் என் தலையில.” நியாயம்தான். முதல் போட்டவருக்கு வட்டி வேண்டும், நின்று நடத்துகிறவருக்குச் சம்பளம் வேண்டும். லாபம் முழுக்கத் திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன். பிறகு பேரனிடமும் அதைத்தான் சொன்னேன்.

ஆனால் நஷ்டம் யார் தலையில் என்பதை என் பேரேட்டை வைத்தே பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் கல் காயாது. கல் போடவில்லை என்றால் கூலி இல்லை. 2020இல் ஊரடங்கு வந்தபோது விடுதியில் அறை கூட்டுகிறவர்களுக்கும் அதே கதை. அந்த மாதங்களில் அவர்கள் உங்களிடம் முன்பணம் கேட்பார்கள். நீங்கள் கொடுப்பீர்கள், முகம் சுளிக்காமல் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அது என் நோட்டில் ஏறும்: பற்று இரண்டாயிரம், மகள் சடங்கு. பற்று ஆயிரம், ஆஸ்பத்திரி. அந்தப் பக்கத்தில் வரவு என்பது கூலியில் பிடித்தது மட்டும்தான். பாக்கி தீராமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது என்பது எழுதாத சட்டம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்துவிட்டது என்று ஒருமுறை ஒரு முதலாளியிடம் மெதுவாகச் சொன்னேன். “இது அதில்ல, இது உதவி” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்.

சுரண்டல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். நஷ்டத்தில் தொழிலாளி பங்காளி, லாபத்தில் மட்டும் கூலியாள். அவரால் எழுந்து போகவும் முடியாது.

என் கை சுத்தம் என்று சொல்லவில்லை. 1965இல் வந்த போனஸ் சட்டப்படி இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், கொடுக்க வேண்டியிருந்தது. பி.எஃப்.புக்கும் இருபதுதான் கணக்கு. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் முப்பத்தைந்து பேர் இருந்தார்கள். வீட்டம்மா பேரில் ஒன்று, மகன் பேரில் ஒன்று என்று நிறுவனத்தை இரண்டாக்கி, பத்தொன்பதும் பதினாறுமாக வருகைப் பதிவேடு எழுதியது நான்தான். அந்த வருஷம் தீபாவளிக்கு எனக்குத் தனியாக ஒரு வேட்டி கிடைத்தது.

தொழிலாளிக்கு லாபத்தில் பங்கு என்றால் ஏதோ ரஷ்யாவிலிருந்து வந்த பேச்சு என்று நினைக்கிறீர்கள். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மாவில் வட்டிக்கடை நடத்திய காலத்தில், மூன்று வருஷக் கணக்குக்குப் போன ஏஜென்ட் சம்பளத்தோடு லாபத்திலும் ஒரு பங்கு வாங்கித்தான் திரும்பினார். முதல் போட்டவர் காரைக்குடியில், பாடுபட்டவர் ரங்கூனில். பங்கு இல்லாவிட்டால் அந்த நம்பிக்கை நின்றிருக்குமா?

ஆனால் பங்கு ஏஜென்டோடு நின்றுவிட்டது. அதே கடையில் சமைத்துப்போட்ட என் தாத்தாவுக்குச் சம்பளம் மட்டும்தான். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். பர்மிய விவசாயிக்கோ அதுவும் இல்லை. 1930இல் நெல் விலை சரிந்ததும் கடன் கட்ட முடியாமல் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது, 1938இல் அது 25 சதவீதம். அவர்கள் கேட்டது நிலத்தை அல்ல, பணத்தைத்தான். யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் உழுதவன் குத்தகைக்காரனானான். அப்புறம் பர்மா அரசு அந்த நிலங்களை எடுத்துக்கொண்டது. நம் பக்கத்தில் இந்தப் பிற்பாதியை மட்டும்தான் பெருமூச்சோடு சொல்வார்கள்.

“நான் ஒருத்தன் கூட்டிக் கொடுத்தா அடுத்த பட்டறைக்காரன் விலையைக் குறைச்சு வித்துருவானே” என்பீர்கள். அதில் உண்மை இருக்கிறது. நல்ல மனசு தனியாக நின்றால் சந்தையில் தோற்கும். அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் எல்லாருக்குமாக எழுதுகிறேன். கடையில் வேலை பார்க்கிறவர்கள் உட்கார ஒரு நாற்காலி போடக்கூட 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வர வேண்டியிருந்தது. தனித்தனியாக யாருக்கும் தோன்றவில்லை, பாருங்கள். ஊரெல்லாம் திண்ணை கட்டியவர்கள் நாம்!

இதற்கு வழி உங்களிடமே இருக்கிறது: மகமை. வியாபாரத்தில் இவ்வளவு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு கோயிலுக்கும் சத்திரத்துக்கும் எடுத்து வைத்ததால், யாரும் மற்றவரை விடக் கூடுதலாக இழக்கவில்லை. பேரேட்டில் சாமிக்கே ஒரு பக்கம் இருந்தது. அதே மாதிரி விற்கும் ஒவ்வொரு கல்லுக்கும், விடும் ஒவ்வொரு அறைக்கும் ஒரு தொகையை எல்லாரும் சேர்ந்து ஒதுக்கி, மழை மாதங்களில் பாதிக் கூலியாவது கொடுங்கள். கடனாக அல்ல, பாத்தியமாக. வருஷ முடிவில் உங்கள் முதலுக்கு வட்டியும் உங்களுக்குச் சம்பளமும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் பத்தில் ஒன்றை வேலை நாள் கணக்குப்படி பிரியுங்கள். கணக்கை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். இந்தக் கடைசி விஷயம்தான் உங்களுக்கு மிகவும் கசக்கும் என்று தெரியும்.

தொழிலாளருக்கு நிர்வாகத்தில் இடம் வேண்டும் என்று அரசியல் சாசனத்தில் 1976ஆம் வருஷத் திருத்தம் சேர்த்த 43ஏ பிரிவு சொல்லிக்கொண்டிருக்கிறது. கேரளத்தில் ஊராளுங்கல் கூட்டுறவுச் சங்கம் 1925இல் கூலிக்காரர்கள் சேர்ந்து தொடங்கியது, இன்றும் சாலையும் பாலமும் போடுகிறது. நான் அவ்வளவு தூரம் உங்களைக் கூப்பிடவில்லை. பேரன் கூப்பிடுவான்.

சித்திரையில் புதுக்கணக்கு போடுவீர்கள். எந்தப் பட்டறையாவது வேலையாட்கள் பேரில் வரவுப் பக்கம் திறப்பதாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். முதல் வருஷம் சம்பளம் இல்லாமல் நானே வந்து எழுதித் தருகிறேன். கண்ணாடி மாற்றியாகிவிட்டது, எழுத்து இப்போது நன்றாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
ஒரு பழைய கணக்குப்பிள்ளை,
காரைக்குடி.