ஷீட்டில் ஏறாத பில்கள்

திருப்பூர்

அன்புள்ள சுமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். முட்டி வலிக்கு இன்னும் எண்ணெய்தான் தடவிக்கொண்டிருக்கிறாயா? ஒருமுறை எலும்பு டாக்டரிடம் காட்டிவிடு. இனி அதைப் பற்றிக் கேட்கமாட்டேன், போதுமா?

நீ கேள்விப்பட்டது உண்மைதான். ஞாயிறு வகுப்பில் எக்செல் வழியாகப் புள்ளியியல் படிக்கிறேன். பத்தாவதில் கூட்டுச் சராசரி, இடைநிலை, முகடு, திட்ட விலக்கம் என்று படித்தோமே, அதேதான். அன்றைக்கு விலக்கத்தையெல்லாம் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பதற்குள் பரீட்சை நேரமே முடிந்துவிடும். இப்போது ஆட்-இன்ஸில் போய் அனாலிசிஸ் டூல்பேக்கை ஒரு தடவை டிக் செய்துவைத்தால் போதும், டேட்டா மெனுவில் ‘டேட்டா அனாலிசிஸ்’ வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குள் டிஸ்கிரிப்டிவ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். ‘சம்மரி ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ கட்டத்தை டிக் செய்து ஓகே கொடுத்தால் சராசரியில் ஆரம்பித்து எண்ணிக்கை வரை 13 வரி மொத்தமாக விழுகிறது. கர்ட்டோசிஸ் போன்ற சிலதை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. லேபிள் அடிக்கிறவளுக்கு அது எதற்கு?

எனக்கு வேண்டியது வசூல். எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் “பார்ட்டிங்க சராசரியா நாப்பத்தஞ்சு நாள்ல பணம் போட்டுடறாங்க” என்பார்கள். வகுப்பில் போட்ட ஒரு கணக்கைப் பார். பத்து பில். பணம் வர ஆன நாட்கள்: 28, 30, 30, 31, 32, 33, 35, 36, 40, 155. சராசரி சரியாக 45. ஆனால் 45 நாளை ஒட்டிப் பணம் கொடுத்தவர் அதில் ஒருவர்கூட இல்லை. ஒன்பது பேர் 40 நாளுக்குள் கொடுத்துவிட்டார்கள், ஒருவர் ஐந்து மாதம் இழுத்திருக்கிறார். வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கிற இடைநிலையைக் கேட்டால் 32.5 என்கிறது. எண்கள் சராசரியைவிட்டு எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கம் ஏறக்குறைய 39. சராசரிக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய விலக்கம் நின்றால், எண்களில் ஏதோ ஒன்று தனியாகத் துருத்திக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். சராசரியை மட்டும் நம்பினால் எல்லோருக்கும் கடன் கெடுவைக் குறைப்போம், ஒழுங்காகக் கொடுக்கிற ஒன்பது பேருக்கும் கோபம் வரும். உண்மையில் பேச வேண்டியது ஒருவரிடம்தான்.

இதுவரை எந்த வாத்தியாரும் சொல்லுவார். அடுத்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் பத்தாவது பார்ட்டி பணமே கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள். பணம் வந்த தேதி இல்லை, அதனால் நாள் கணக்கும் இல்லை, கட்டம் காலி. எக்செல் காலிக் கட்டத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். மிச்சம் ஒன்பது பில்லுக்குச் சராசரி 32.8, திட்ட விலக்கம் வெறும் 3.7. கணக்கு பளிச்சென்று இருக்கும்! தாமதமாகக் கொடுத்தவன் சராசரியைக் கெடுக்கிறான், கொடுக்காமலே இருக்கிறவன் அழகாக்கிவிடுகிறான். சரி, காலியாக விடாமல் 0 போடலாமா என்றால் அது இன்னும் மோசம், அன்றைக்கே பணம் கொடுத்த உத்தமன் ஆகிவிடுவான். அதனால் பணம் வராத பில்லை நான் தனி ஷீட்டில் வைத்து, இன்று வரை எத்தனை நாள் என்று எண்ணுகிறேன்.

இவருக்கு முதலில் இதெல்லாம் பிடிக்கவில்லை. “யார் எப்படின்னு எனக்குத் தெரியாதா?” என்றார். தெரியும்தான். சின்னப் பார்ட்டி பத்தாயிரத்துக்கு இழுத்தால் ஊரெல்லாம் சொல்லுவார். பெரிய பார்ட்டி என்றால் “அவங்க குடுத்துடுவாங்க” என்பார். எல்லா பில்லையும் சமமாக எண்ணாமல், பெரிய தொகைக்கு அதிக எடை கொடுத்துச் சராசரி எடுத்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் அந்தப் பெரிய பார்ட்டிக்குப் போன் செய்தார்.

எங்களைப் போன்ற சிறு தொழில்களுக்கு 45 நாள் கெடு சட்டத்திலேயே இருக்கிறது தெரியுமா? 2006இல் வந்த எம்எஸ்எம்இ சட்டம் அது, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கானது. ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியில் 43பி(எச்) பிரிவும் சேர்ந்துகொண்டது. கெடு தாண்டினால், வாங்கியவர் பணத்தைக் கொடுக்கிற வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். அங்கே யாரும் சராசரி பார்ப்பதில்லை, பில் பில்லாகப் பார்ப்பார்கள். அதனால் நானும் கவுண்ட்இஃப் போட்டு 45ஐத் தாண்டிய பில் எத்தனை என்று எண்ணிவிடுகிறேன். வகுப்பில் கற்றதிலேயே எனக்கு அதிகம் உதவுவது இந்தச் சாதாரண ஃபார்முலாதான்.

நீ ஆரம்பிப்பதாக இருந்தால் தேதியில் கவனம். கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருந்தால் நீ அடித்த 05/04 மே 4 ஆகிவிடும். 13/04 தேதியாகவே ஏறாது, வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒழுங்கான தேதி வலது ஓரத்தில் நிற்கும். இடப்பக்கம் ஒன்று தென்பட்டால், மற்ற தேதிகளையும் ஒருமுறை சரிபார்த்துவிடு.

அப்புறம், உன் பேக்கரிக் கேள்வி. தினமும் சராசரியாக எத்தனை பன் விற்கிறதோ அத்தனை போட்டால் சரியா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நாலு மணிக்கே தட்டு காலியான நாளில், அதற்குப் பிறகு கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உன் நோட்டில் எங்கே இருக்கிறார்கள்? என் வராத பில் மாதிரிதான் அவர்களும். விற்றதை மட்டும் எழுதாமல், எத்தனை மணிக்குத் தீர்ந்தது, ராத்திரி எத்தனை மிஞ்சியது என்பதையும் எழுது. வகை பிரித்துக் கூட்டிக் காட்டும் பிவட் டேபிளில் கிழமை வாரியாகப் போட்டால் ஞாயிறு தனி, செவ்வாய் தனி என்று பிரிந்து வரும். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் அதிகமாகி முட்டை பப்ஸ் படுத்துவிடும் என்று நீதானே சொன்னாய், அந்த மாதத்தை மற்றதோடு கலக்காதே.

நோட்டுப் பக்கங்களை போட்டோ எடுத்து அனுப்பு, நானே ஷீட்டில் ஏற்றிப் பார்க்கிறேன். உன் கையெழுத்து எனக்குப் புதிதா என்ன? தீர்ந்த நேரம் மட்டும் புரிகிற மாதிரி எழுதிவிடு. அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

உன்,
தேன்மொழி