சுற்றுலாவுக்கு பஸ் பேசி ஒழுங்கு செய்யும் முன் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்

மட்டக்களப்புப் பாடசாலைகளில் சுற்றுலா ஒழுங்கு செய்யும் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். லீவு வந்தால் நடுச்சாமத்தில் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி, கண்டி, பேராதனைப் பூங்கா, நுவரெலியா என்று ஓடி, தூக்கக் கலக்கத்தோடு கொண்டுவந்து இறக்குகிறீர்கள். அங்கே போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காசைக் கட்ட வழியில்லாமல் வீட்டில் நின்றுவிடுகிற பிள்ளைகளை உங்களுக்குத் தெரியும். அவர்களையும் கூட்டிக்கொண்டு போகக்கூடிய ஒருநாள் பயணம் நம் வாவியின் இரண்டு கரையிலும் இருக்கிறது.

விடியவே கிளம்பி மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போங்கள். 2014இல் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம் என்பது இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது, போகும்போதே சொல்லிவிடுங்கள். எருமைப் பட்டிகளில் பால் கறப்பது காலையில்தான், வெயில் ஏறிய பிறகு போனால் வெறும் சட்டியைத்தான் பார்க்கலாம். பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, பழைய தயிரில் கொஞ்சம் எடுத்து உறை விட்டு, மண்சட்டியில் ஊற்றி வைப்பதைப் பிள்ளைகள் கிட்ட நின்று பார்க்கட்டும். ஏன் பிளாஸ்டிக் வாளியில் ஊற்றவில்லை என்று அவர்களே கேட்பார்கள். தயிரில் மிஞ்சுகிற தண்ணீரை மண் உறிஞ்சிக்கொள்வதால் அது கரண்டியால் வெட்டி எடுக்கிற பதத்துக்கு இன்னும் நன்றாக இறுகுகிறது. நுண்ணங்கிகள் பாலின் லக்டோசை லக்டிக் அமிலமாக மாற்றுகின்றன என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறீர்களே, அந்தப் பாடம் முழுக்க அந்தச் சட்டிக்குள் கிடக்கிறது.

மாடு எங்கே மேய்கிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கியது ஏன் என்று, தயிர் தின்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்கவேண்டும். ஆகஸ்ட் லீவு என்றால் சிறுபோக அறுவடையையும் வழியிலேயே பார்க்கலாம்.

காத்தான்குடி நூதனசாலையைப் பின்னேரத்துக்கு வையுங்கள், இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முதலே கொண்டுபோனால் பிள்ளைகள் பழைய பானை, பெட்டி என்று பார்த்துக்கொண்டே நடந்துபோய்விடுவார்கள். காலையில் ஒருவர் கையில் சட்டியைக் கண்ட பிள்ளை, பின்னேரம் காத்தான்குடி பூர்வீக நூதனசாலையில் பழைய வாழ்க்கையைக் காட்டும் உருவங்களுக்கும் பாவனைப் பொருட்களுக்கும் முன்னால் நின்று பார்க்கும். அப்புறம் நேரம் இருந்தால், கல்லடி உப்போடையில் விபுலானந்த அடிகளின் சமாதிக்கும் ஒரு எட்டுப் போய் வரலாம். ஒன்று மட்டும், முன்கூட்டியே போன் பண்ணிக் கேளுங்கள். லீவு நாளில் பிள்ளைகளோடு ஒரு நூதனசாலைக்குப் போய், பூட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறோம்.

இன்னொன்று. ஒரு தமிழ்ப் பாடசாலையும் ஒரு முஸ்லிம் பாடசாலையும் சேர்ந்து ஒரே பஸ்ஸில் போனால் என்ன? செலவும் பாதியாகும். காத்தான்குடிப் பிள்ளை வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பட்டியையும், ஆரையம்பதிப் பிள்ளை காத்தான்குடி நூதனசாலையையும் பக்கத்தில் இருந்தும் பார்க்காமலே வளர்வது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

தயிர்க்காரரின் காலை நேரத்தை இலவசமாக எடுக்காதீர்கள். எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று முதலே சொல்லி, ஆளுக்கு இவ்வளவு என்று பேசி, வரும்போது சட்டித் தயிரும் அவரிடமே வாங்குங்கள். அந்தக் காசையும் சுற்றுலாக் கணக்கிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய், ஆரையம்பதி