காந்தி ரோட்டிலிருந்து கோட்டைக்கு நடந்து போக ஒரு வழி கேட்டு

வேலூரின் தெருக்களையும் நினைவிடங்களையும் பேணும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு வணக்கம்.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிக் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் லாட்ஜ் அறை எடுத்து வாரக்கணக்கில் தங்கும் வங்காளிகளைத் தாங்கள் அறிவீர்கள். அங்குள்ள சாப்பாட்டுக் கடைகளின் பலகைகள் அவர்களுக்காகவே வங்காள எழுத்தில் இருக்கின்றன. சென்ற மாதம், மனைவியின் பரிசோதனை முடிவுக்காக இரண்டு நாள் காத்திருந்த கொல்கத்தாப் பெரியவர் ஒருவரைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். நடைபாதையை வண்டிகளும் தள்ளுவண்டிகளும் அடைத்துக்கொண்டிருந்ததால், பாதித் தூரம் சாலையிலேயே நடந்தோம்.

ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்களைக் கடந்து அண்ணாந்து பார்த்தால், விதானத்துத் தாமரையைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. கல்லில் செதுக்கியவை என்று நம்ப மனமின்றி அவர் வெகுநேரம் நின்றார். ஆனால் அவர் இன்னும் நெடுநேரம் நின்றது மக்கானில் உள்ள சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணின் எதிரில்தான். தாடி, காதணி, நெற்றிக்குறி ஆகியவற்றுக்கு ஆங்கிலேயர் தடை விதித்து, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையையும் திணித்ததால், 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்து கோட்டையைப் பிடித்ததையும், ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து அன்றே அதை மீட்டதையும், கோட்டை மகாலில் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள் அதன்பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டதையும் சொன்னேன். அவர்களில் ஒருவரான குலாம் முகமது கட்டியதுதான் கொல்கத்தாவின் தர்மதலா மசூதி. "தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன்" என்றார் அவர். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஒளி-ஒலிக் காட்சியோ, 'ஐ லவ் வேலூர்' என்று இன்னொரு எழுத்து வரிசையோ நான் கேட்கவில்லை. காந்தி ரோட்டிலிருந்து கோட்டை வாயில் வரை, வயதானவர்கள் கைபிடித்து நடக்கும் அளவுக்கு இடையூறில்லாத நடைபாதை வேண்டும். தூணுக்கு எதிரில் பயமின்றிச் சாலையைக் கடக்க ஓரிடம் வேண்டும். ஹைதர் அலி, திப்பு ஆகியோரின் மனைவியர் உறங்கும் தோட்டப்பாளையம் கல்லறைகளுக்கும், வேலூரிலேயே சிறையிருந்து 1832-இல் இறந்த கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் பாலாற்றங்கரை முத்துமண்டபத்துக்கும் வழிகாட்டும் பலகைகள் வேண்டும். அவை தமிழிலும் ஆங்கிலத்திலும், கட்டாயம் வங்காளத்திலும் இருக்க வேண்டும். இட்லிக் கடைக்காரரால் முடிந்தது தங்களால் முடியாதா?

அடுத்த ஜூலை 10 அன்று மாலையோடு தூணுக்கு வரும்போது, அதனருகில் வங்காளத்திலும் எழுதிய ஒரு பலகையாவது நிற்கும்படி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேலூர்வாசி ஒருவர்